எடைக்கு ஒரு ஞானத்தகப்பன்

சக்கைமேட்டுக் குழந்தைகள் குண்டாகிவிட்டார்கள் என்பதை ஆலைக்காரர்கள் கண்டுபிடித்தது அந்த வருஷம் மார்ச் மாதத்தில். அதற்கு முன்னால் அறுபது வருஷமாக அதே ஆலை அதே இடத்தில் நின்று சீனி காய்ச்சிக்கொண்டிருந்தது. மிஞ்சிய சக்கையைக் கொட்டிக் கொட்டி உண்டான மேட்டில்தான் கரும்பு வெட்டுகிறவர்கள் முதலில் ஓலை போட்டு, பிறகு தகரம் போட்டு, பிறகு சிமெண்டு பூசி ஒரு ஊர் ஆக்கிக்கொண்டார்கள். குழாயைத் திறந்தால் கழிவுப்பாகு வாடையோடு தண்ணீர் வரும். அதில் துணி துவைக்கலாம், துணிச்சல் இருந்தால். குடிக்க விலைக்கு வாங்க வேண்டும். கடையில் மூன்று லிட்டர் இனிப்புச் சோடா அதே அளவு தண்ணீரைவிட இரண்டு பேசோ குறைச்சல். பால்குடி மறந்த நாள் முதல் எல்லோரும் சோடாதான் குடித்தார்கள்.

இதில் கண்டுபிடிக்க என்ன இருந்தது என்று நிக்கனோராவுக்குப் புரியவில்லை. கண்ணைத் திறந்தாலே தெரிகிற சங்கதி. ஆனால் ஆலைக்காரர்களுக்குக் கண்ணைத் திறக்க ஓர் அறக்கட்டளை வேண்டியிருந்தது. அறக்கட்டளை ஒரு திட்டம் போட்டது. திட்டத்துக்கு ‘லேசான குடும்பம்’ என்று பெயர். நெஞ்சில் ஆலை முத்திரை குத்திய பச்சை பனியன் கொடுத்தார்கள். திட்டத்தில் சேர்ந்த முப்பத்தொரு குழந்தைகளுக்கும் ஒரே அளவு. முப்பத்தொன்றில் ஒன்றுக்குக்கூட அது தலைக்குக் கீழே இறங்கவில்லை.

நிக்கனோரா பனியனுக்காகப் போகவில்லை. அவளுக்கு வேறு அவசரம்.

அவள் மகள் பிரிசெய்தாவுக்குப் பதினோரு வயது. அறுபத்து மூன்று கிலோ. ஏழு வயதிலிருந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக வளைந்துகொண்டே வந்தது. இப்போது நடந்தால், ஒவ்வோர் எட்டுக்கும் யாரோ பக்கவாட்டில் இடித்துத் தள்ளுகிற மாதிரி சாய்ந்து நிமிர்வாள். துறைமுக நகரத்திலிருந்து எலும்பு டாக்டர் ஒருவர் வருஷத்துக்கு ஒரு தடவை, ஜூலை கடைசி வாரம், வட்டாரத் தலைநகர் ஆஸ்பத்திரிக்கு வந்து குழந்தைகளுக்கு மட்டும் ஆபரேஷன் செய்வார். போன ஜூலையில் அவர் பிரிசெய்தாவின் காலைப் பார்த்து, படம் எடுத்து, ஒரு சின்னத் தட்டையும் இரண்டு ஆணிகளையும் மேஜை மேல் வைத்தார்.

"இத முழங்கால்கிட்ட அடிச்சிட்டா, எலும்பு வளர வளரத் தானா நேராயிடும். அறுக்க வேணாம். ஆனா இது அறுவது கிலோ வரைக்கும்தான் தாங்கும். அதுக்கு மேல போனா ஆணி உள்ளுக்குள்ளயே முறியும்."

"அடுத்த வருஷம் பண்ணலாமா?" என்று கேட்டாள் நிக்கனோரா.

"அடுத்த வருஷந்தான் கடைசி. அதுக்கப்புறம் எலும்பு வளர்றது நின்னுடும். நின்னுட்டா எலும்பை அறுத்து ஒட்டணும். அது நான் பண்றதில்ல. பண்றவங்க தலைநகரத்துல இருக்காங்க, உங்க வசதிக்கு…" என்று நிறுத்திக்கொண்டார்.

ஜூலை. அறுபதுக்குக் கீழே. அவ்வளவுதான் விஷயம். திட்டத்தில் சேர்ந்தால் எடை இறங்கும் என்று ஊர் நர்ஸ் சொன்னதால்தான் நிக்கனோரா ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் சங்கக் கட்டடத்துக்குப் போனாள்.

திட்டத்தை நடத்த வந்தவள் பெயர் ரெனாத்தா. பட்டம் வாங்கியவள், ஆகவே லிசென்சியாதா என்றுதான் கூப்பிட வேண்டும். நல்ல பெண்தான். கோபமே வராத முகம். அவள் ஒரு பெட்டியைத் திறந்து பிளாஸ்டிக் காய்கறிகளை மேஜையில் பரப்பினாள். பச்சைப் பூக்கோசு, ரோஸ் நிற மீன்துண்டு, ஒரு பிளாஸ்டிக் பேரிக்காய்.

"இந்த மீன் எங்க கிடைக்கும்?" என்று பின்வரிசையிலிருந்து எலோய்சா கேட்டாள். நிக்கனோராவின் பக்கத்து வீட்டுக்காரி, அவள் மகனும் இந்த முப்பத்தொன்றில் ஒருவன்.

"சால்மன் மீனா? பெரிய கடையில கிடைக்கும்."

"பெரிய கடை எங்க இருக்கு?"

"நகரத்துல…"

"சரி, அத எடுத்து வைங்க லிசென்சியாதா. நகரத்துக்குப் போறப்ப பாத்துட்டு வர்றோம்."

கூட்டம் சிரித்தது. ரெனாத்தாவும் சேர்ந்து சிரித்தாள். கிண்டல் என்று புரியாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு. பிறகு பாட்டுப் போட்டு எல்லோரையும் ஆடச் சொன்னாள். வாரத்தில் ஆறு நாள் பத்து மணி நேரம் குனிந்து கரும்பு வெட்டிவிட்டு வந்தவர்களைப் பார்த்து, "உடம்பை அசைக்கப் பழகிக்கணும்" என்றாள். நிக்கனோரா விதைக்கரும்பில் கரணை வெட்டுகிறவள். நாளைக்கு நாலாயிரம் கரணை. தோளில் உப்புப் பூத்த சட்டையோடு கையை மேலே தூக்கிக் கீழே இறக்கிக்கொண்டு நின்றபோது, இந்த ஊரில் குனியாத முதுகு இவள் ஒருத்திக்குத்தானே, இவள் மட்டும் ஆடினால் போதாதா என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் கடைசியில் தராசு வைத்தார்கள். அதற்காகத்தான் அவள் பொறுத்துக்கொண்டு நின்றாள். தராசு எதையும் அவள் நம்புகிறவள் இல்லை. ஆலைத் தராசில் நிறுத்து நிறுத்துக் கூலி வாங்கிய எவரும் நம்ப மாட்டார்கள். ஆலை அடைக்கிற ஒரு கிலோ சீனிப் பொட்டலமே தொள்ளாயிரம் கிராம்தான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்றாவது காட்டுமே.

முதல் மூன்று வாரம் அவள் தன் வழியில் போனாள். வீட்டில் சோடா நின்றது. சீனி டப்பா பரணில் ஏறியது. ஆறு தோர்த்தியா சோள ரொட்டிக்குப் பதில் இரண்டு, அவரைக்கூழ் ஒரு கிண்ணம், தோட்டத்து வரப்பில் பறித்த கீரை. பிரிசெய்தா அழுதாள், தட்டைத் தள்ளினாள், "நீ என் அம்மாவே இல்ல" என்றாள்.

"ஆமா, உன்ன ஆலைக் குப்பையிலதான் பொறுக்குனேன். தின்னு."

நாலாவது ஞாயிறு பிரிசெய்தா தராசில் ஏறினாள். அறுபத்தொன்று புள்ளி இரண்டு. இறங்கி வந்து அம்மாவின் காதில், "பாத்தியா?" என்றாள், ஏதோ அம்மாதான் தடுத்துக்கொண்டிருந்த மாதிரி.

அன்றைக்குத்தான் ரெனாத்தா அந்த யோசனையைச் சொன்னாள். புத்தகத்தில் இருந்த யோசனை. ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டுக்கு வெளியிலிருந்து ஒரு துணையாள். கூட நிற்க, தட்டிக்கொடுக்க, தளர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள. "சமூகமே சேர்ந்து சுமக்கணும்" என்றாள்.

"அப்ப ஞானத்தகப்பன்னு சொல்லுங்களேன்!" என்று யாரோ கத்தினார்கள்.

ரெனாத்தாவின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு அழகான வார்த்தை! எடைக்கு ஒரு ஞானத்தகப்பன்!" என்று பலகையில் பெரிதாக எழுதிவிட்டாள்.

எழுதியது எழுதியதுதான். சக்கைமேட்டில் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன் உண்டு, புதுநன்மைக்கு உண்டு, பள்ளி முடித்தால் உண்டு, புது லாரியை மந்திரிக்கக்கூட உண்டு. நேற்றுவரை வாடா போடா என்று முதுகில் அறைந்தவன், இன்றைக்கு உன் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆகிவிட்டால், அவன் உனக்கு கொம்பாத்ரே, நீ பெண்ணாயிருந்தால் அவனுக்கு கொமாத்ரே. அன்றிலிருந்து ‘நீ’ கிடையாது, ‘நீங்க’தான். திட்டக் கூடாது, தர்க்கம் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. அவனும் பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு வர மாட்டான். அவன் கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்புவது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். இதெல்லாம் ரெனாத்தாவுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஒருவரும் சொல்லவில்லை. மழையில் நின்றால் நனையும் என்று யாராவது எடுத்துச் சொல்வார்களா?

நிக்கனோரா பள்ளிக்கூட வாத்தியாரைக் கேட்கலாம் என்று நினைத்திருந்தாள். வீட்டுக்கு வந்தால் புருஷன் எவரிஸ்தோ பீர் வாசனையோடு உட்கார்ந்திருந்தான்.

"சிந்தோவக் கேட்டுட்டேன். அழுதுட்டான் மனுஷன்."

"ஏய்யா, ஒரு வார்த்த எங்கிட்டக் கேக்கக் கூடாதா?"

"கேட்டா வேணாம்ப. அதான் கேக்கல."

சிந்தோவுக்குக் கரும்பு ஏற்றுகிற சொந்த லாரி இருந்தது. பிள்ளை இல்லை. குரல் பெரிது, கை அதைவிடப் பெரிது. ஊரில் ஒரு சவ ஊர்வலம் போனாலும் முதல் மாலை அவனுடையதாகத்தான் இருக்கும். இருபது வருஷமாக நிக்கனோரா அவனை "டேய் சிந்தோ, லாரிய வீட்டு வாசல்ல நிறுத்தாதடா" என்றுதான் விரட்டியிருக்கிறாள். மறுநாள் காலையில் அவன் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"வணக்கம், கொமாத்ரே."

"வாங்க, கொம்பாத்ரே" என்றாள் அவள். வாய் கசந்தது.

அவன் கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் இரண்டு டஜன் சீனி ரொட்டி.

அங்கிருந்து ஆரம்பித்தது. புதன்கிழமை பன்றி வறுவல், எண்ணெய் சொட்டச் சொட்டக் காகிதத்தில். வெள்ளிக்கிழமை வாழை இலையில் கட்டி அவித்த சோளமாவுத் தமால், பன்னிரண்டு. ஞாயிறு எடை பார்த்த கையோடு, நன்றாகச் செய்தாள் என்பதற்காக ஒரு முழுக் கோழி. எலோய்சாவின் கொம்பாத்ரே ஒரு வாரம் கேக் கொண்டுவந்தான் என்று கேள்விப்பட்டதும் சிந்தோ அடுத்த வாரம் இரண்டடுக்குக் கேக் கொண்டுவந்தான். அதன் மேல் பச்சைச் சர்க்கரையில் ‘லேசாகு, என் மகளே’ என்று எழுதியிருந்தது. முப்பத்தொரு குழந்தைகளுக்கும் முப்பத்தொரு ஞானத்தகப்பன்கள். ஒருத்தனுக்கு ஒருத்தன் சளைத்தவனில்லை. சக்கைமேட்டில் அவ்வளவு நெய்யும் சர்க்கரையும் அதற்கு முன் ஒரு கல்யாண சீசனிலும் புழங்கியதில்லை.

"எதுக்கு கொம்பாத்ரே இவ்வளவு? வேணவே வேணாம்" என்று நிக்கனோரா சொல்லிப் பார்த்தாள். சக்கைமேட்டில் எல்லோரும் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தையும் அதேதான். சிந்தோ நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, "எம் மகளுக்கு இதுகூடச் செய்யலன்னா நான் என்ன மனுஷன்?" என்றான். அடுத்த தடவை இரண்டு மடங்காக வந்தது.

"மா, நானே வேணாம்னு சொல்லிடட்டா?" என்று பிரிசெய்தா ஒரு நாள் கேட்டாள்.

"சொல்லாத. மரியாதை இல்ல."

"சொல்லாதன்னா சரி." கொஞ்சம் பொறுத்து, "சொல்ல வாயும் வரலம்மா. வாசனை அப்படி இருக்கு" என்றாள்.

ஏழாவது ஞாயிறு, அறுபத்து மூன்று புள்ளி ஐந்து. முப்பத்தொன்றில் இருபத்தாறு குழந்தைகள் ஏறியிருந்தார்கள். ரெனாத்தா தராசைத் தட்டினாள், கவிழ்த்தாள், பேட்டரி மாற்றினாள். அடுத்த வாரம் நகரத்திலிருந்து புதுத் தராசே கொண்டுவந்தாள். புதுத் தராசில் எல்லோரும் இன்னும் அரைக் கிலோ கூடினார்கள். அதன் பிறகு அம்மாக்கள் மேல் சந்தேகம் வந்தது. ஆளுக்கு ஒரு நோட்டுக் கொடுத்து, பிள்ளை தின்பதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள்.

எல்லோரும் எழுதினார்கள். காலையில் அவரை, மத்தியானம் சோறு, ராத்திரி ஒரு தோர்த்தியா. பொய் ஒன்றும் இல்லை. ஞானத்தகப்பன் கொடுத்ததை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அது சாப்பாட்டில் சேருமா? அது பாசம். எலோய்சா சொன்னாள்: "எங் கொம்பாத்ரே கொண்டாந்தத நோட்டுல எழுதி வெளியூர்க்காரி கையில குடுக்கறதா? போலீஸ்ல எழுதிக் குடுக்கற மாதிரி? எங்க ஆத்தா வயித்துல நான் அப்படிப் பொறக்கல."

நிக்கனோராவும் எழுதவில்லை. ஊரே பயப்படுகிற வாய் அவளுடையது. மேஸ்திரியை நடுத்தோட்டத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டவள். அந்த வாய் ‘கொம்பாத்ரே’ என்ற ஒரு வார்த்தைக்கு முன்னால் பூட்டிக்கொண்டு கிடந்தது. அவள் கையாலேயே அந்த வறுவலைத் தட்டில் வைத்தாள். தட்டுக்குக் கீழே பிரிசெய்தாவின் வளைந்த கால் தெரிந்தது.

பதினோராவது ஞாயிறு, அறுபத்தைந்து. எடை பார்த்து முடிந்ததும் ரெனாத்தா அவளைத் தனியே கூப்பிட்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அடுத்த வாரம் நிறைவு விழா. ஆலை மேனேஜர் வீட்டம்மா தோன்யா ஒக்தாவியா வர்றாங்க. மூணுல ரெண்டு பங்கு பிள்ளைங்க குறைஞ்சிருந்தாத்தான் அடுத்த வருஷமும் திட்டம் நடக்கும். நான் எல்லாருக்கும் கொஞ்சம்… சரி பண்ணி எழுதியிருக்கேன். உங்க மகளுக்கு அம்பத்தொம்பது."

"அம்பத்தொம்பதா?"

"டாக்டர் எங்க சீட்டையே ஏத்துக்குவார். நான் பேசிட்டேன். பட்டியல்ல பேர் ஏறிடும். ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

நிக்கனோரா சீட்டை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"போடு" என்றான் எவரிஸ்தோ, வீட்டில். "முப்பது வருஷமா ஆலைத் தராசு நம்மளக் கொறச்சே நிறுத்தியிருக்கு. மொதல் தடவையா ஒரு தராசு நம்ம பக்கம் கொறச்சு நிறுத்துது. அதுக்கும் அழுவியா?"

"ஆணி முறியும்னாரே டாக்டரு."

"முறியும்னுதான சொன்னாரு. முறிஞ்சிரும்னா சொன்னாரு?"

அந்த வாரம் முழுக்க, நிக்கனோரா கரணை வெட்டும்போது, சீட்டு வியர்வையில் நனைந்து நெஞ்சில் ஒட்டிக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை தோட்டத்து வளைவில் சிந்தோவின் லாரி போனதைப் பார்த்தாள். போன வருஷம் அதே வளைவில்தான் அது அச்சு முறிந்து கவிழ்ந்தது. அவள் வெட்டுவதை நிறுத்திவிட்டு, லாரி கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிறைவு விழாவுக்குச் சங்கக் கட்டடத்தில் பச்சைத் தாள் தோரணம். மேடையில் நாலடுக்குக் கேக். ஞானத்தகப்பன்கள் கூடிச் செய்தது, நடுவில் சர்க்கரையில் வார்த்த ஒரு தராசு. மேஜை நிறைய சோடா, ஆலையின் அன்பளிப்பு. தோன்யா ஒக்தாவியா கைவிசிறியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ரெனாத்தா ஒலிபெருக்கியில், இருபத்திரண்டு குழந்தைகள் எடை குறைந்த கதையைச் சொன்னாள். இருபத்திரண்டு அம்மாக்களும் தரையைப் பார்த்தார்கள். பிறகு, "பிரிசெய்தா! அம்பத்தொம்பது கிலோ! அவளோட அம்மாவும் ஞானத்தகப்பனும் மேடைக்கு வரணும்" என்றாள்.

சிந்தோ இஸ்திரிச் சட்டையில், கண் கலங்க, இரண்டு கையிலும் பெட்டியோடு ஏறினான். நிக்கனோரா பின்னால் ஏறினாள். ரவிக்கையிலிருந்து சீட்டை எடுத்து விரித்து ரெனாத்தாவின் கையில் வைத்தாள்.

"இதுல அம்பத்தொம்பது இருக்கு. எம் மக அறுவத்தஞ்சு. டாக்டர்கிட்ட இந்தச் சீட்டுக்கே ஆபரேஷன் பண்ணிவிடச் சொல்லுங்க லிசென்சியாதா. இதுக்குக் கால் நேரா இருக்கு, செலவும் கம்மி."

ரெனாத்தாவின் கையில் மைக் இருந்ததால் கட்டடம் முழுக்கக் கேட்டது. தோன்யா ஒக்தாவியாவின் விசிறி நின்றது.

"கொமாத்ரே…" என்றான் சிந்தோ.

நிக்கனோரா திரும்பினாள். முதலில் மெதுவாகத்தான் கேட்டாள்.

"டேய் சிந்தோ."

கூட்டத்தில் ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"போன வருஷம் உன் லாரி அச்சு முறிஞ்சுதே, அன்னிக்கு என்ன பாரம்?"

"அது… பத்தொம்பது டன் இருக்கும்."

"ஆலைச் சீட்டுல எவ்வளவு எழுதியிருந்தான்?"

"பதினாலு."

"பதினாலுன்னு சீட்டுல இருந்துதுல்ல? அப்புறம் ஏன்டா முறிஞ்சுது? அச்சுக்குப் படிக்கத் தெரியாதா?"

யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள்.

"எம் மக கால்ல அடிக்கப்போற ஆணி இத்தனூண்டு." அவள் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள். "அறுவதுக்கு மேல போனா முறியும். நாலாவது வாரம் அவ அறுவத்தொண்ணுல நின்னா. அன்னிக்கு நீ ஞானத்தகப்பன் ஆன. அப்போலேருந்து எட்டு வாரமா அவ மேல பாரம் ஏத்துற. பெட்டி பெட்டியா ஏத்துற. நானும் எங் கையால வாங்கி ஏத்துனேன், மரியாதைக்குப் பயந்து. இனிமே என் வாசல்ல பெட்டியோட கால வச்சின்னா, கரணை வெட்டுற கத்தி வீட்லதான் இருக்கு. போடா."

கையிலிருந்த பெட்டியை எங்கே வைப்பது என்று சிந்தோவுக்குத் தெரியவில்லை. அதோடேயே மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தின் நடுவே, கதவு வழியாக வெளியே போனான். அவன் போன பிறகு நிக்கனோரா பிரிசெய்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் எலோய்சா பாவாடையை இழுத்து ஒதுக்கிக்கொண்டாள், ஏதோ சாணி போகிற மாதிரி.

"மா, இனிமே அவரு வரமாட்டாருல்ல?" என்று பிரிசெய்தா தெருவில் கேட்டாள்.

"வரமாட்டான்."

"வறுவலும்?"

"அதுவும் வராது."

பிரிசெய்தா கொஞ்சம் அழுதாள். எதற்கு என்று நிக்கனோரா கேட்கவில்லை.

கொம்பாத்ரேவை ஊர் நடுவில், அதுவும் வெளியூர்க்காரர்கள் முன்னால், ‘டேய்’ என்றவள் வீட்டுக்கு யார் வருவார்கள்? ஆணி, கால், அறுபது கிலோ எதுவும் ஒருவர் காதிலும் ஏறவில்லை. ‘டேய்’ மட்டும் ஏறியது. ஜூனில் புனித யோவான் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு தமால் போனது, அவள் வாசலைத் தாண்டிப் போனது. இரண்டு ஞானஸ்நானம், ஒரு பதினைந்தாம் பிறந்தநாள் விருந்து, ஒன்றுக்கும் அழைப்பில்லை. எவரிஸ்தோ ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. சாப்பிடுவதற்கே தங்கச்சி வீட்டுக்குப் போனான். பிரிசெய்தாவுக்கு ஓர் உருண்டை மிட்டாய் கொடுக்கக்கூட ஊரில் ஆள் இல்லாமல் போயிற்று.

ஒன்பது வாரம் அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து கீரையும் அவரையும் தின்றார்கள். சமூகம் முழுக்கச் சேர்ந்து சுமந்தபோது ஏறிய எடை, சமூகம் காறித் துப்பி ஒதுங்கியதும் மளமளவென்று இறங்கியது. ஜூலை நடுவில் ரெனாத்தா போன் செய்தாள். நர்ஸ் சொன்னாளாம், பிரிசெய்தா இளைத்துவிட்டாளாம். "திட்டத்தோட பலன் தாமதமாத் தெரியும்னு எங்க புத்தகத்துலயே இருக்கு! பச்சை பனியனோட ஒரு போட்டோ அனுப்புறீங்களா?"

"பனியன் கரித்துணியாயிடுச்சு லிசென்சியாதா. அடுப்புல சட்டி இறக்க நல்லா இருக்கு" என்று நிக்கனோரா வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் விடிந்ததும் அவளும் மகளும் ஆலை வாசலில் பஸ்ஸுக்கு நின்றார்கள். வெட்டு முடிந்து லாரிகளெல்லாம் சும்மா கிடந்த காலம். சிந்தோவின் லாரி மட்டும் கழுவித் துடைத்து, வாசலுக்கு எதிரே நின்றது. சிந்தோ இறங்கி வந்தான். பத்தடி தள்ளியே நின்றான். கைகளில் ஒன்றும் இல்லை. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டினான், அவிழ்த்தான், தொடையில் தேய்த்தான்.

"பஸ் படி ஒசரம். கால் வலிக்கும் பிள்ளைக்கு."

"லாரியும் ஒசரந்தான்" என்றாள் நிக்கனோரா.

"லாரியில நான் தூக்கி வைப்பேன்."

பிரிசெய்தா அவன் கைகளைப் பார்த்தாள். பிறகு சாய்ந்து சாய்ந்து நடந்து போய் அவன் முதுகுப் பக்கமும் பார்த்தாள்.

"ஒண்ணும் கொண்டாரலியா?"

"இல்ல மகளே."

பஸ்ஸுக்கு நின்றவர்களும் பார்த்தார்கள். வெறுங்கையோடு வந்து நிற்கிற ஞானத்தகப்பனை அந்த ஊர் கண்டதில்லை. ஒருத்தன் சத்தமாகவே சிரித்தான். சிந்தோவுக்குக் கழுத்துவரை சிவந்தது. நகராமல் நின்றான்.

"அச்சு மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள் நிக்கனோரா.

அவன் வாய் திறந்து மூடியது. "மாத்திட்டேன், கொமாத்ரே. புதுசு."

"அப்ப தூக்கி வைங்க."

ஆஸ்பத்திரியில் குண்டு நகர்த்திப் பார்க்கிற பழைய இரும்புத் தராசு. நர்ஸ் பிரிசெய்தாவை ஏறச் சொன்னாள். "இருங்க" என்று நிக்கனோரா பைக்குள் கை விட்டு, ஆலை முத்திரை பிரியாத ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை எடுத்தாள். நாலு மாதமாகச் சீனி நுழையாத வீட்டுக்காரி இதற்கென்றே முந்தின நாள் வாங்கியது. அதைத் தராசின் நடுவில் வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குச் சீனி எதுக்கும்மா?"

"பிள்ளைக்கு இல்ல, தராசுக்கு. எவ்வளவு காட்டுது?"

நர்ஸ் எரிச்சலோடு குண்டை நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். "தொள்ளாயிரம். ஒரு கிலோன்னு போட்டிருக்கே?"

"சரியான தராசுதான்" என்றாள் நிக்கனோரா. பொட்டலத்தை எடுத்து ஜன்னல் ஓரமாக வைத்தாள். "ஏறு பிரிசெய்தா."

பிரிசெய்தா சிந்தோவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"தோள விடு. அவரு எடையும் சேர்ந்துக்கப் போவுது."

அவள் விட்டாள். வளைந்த காலை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் குண்டை அறுபதில் வைத்தாள். தண்டு கீழே விழுந்தது. ஒரு கோடு இடது பக்கம் தள்ளினாள். இன்னும் ஒரு கோடு. ஆறாவது கோட்டில் தண்டு எழும்பி, ஆடி, நடுவில் நின்றது.

"அம்பத்தொம்பது புள்ளி நாலு" என்றாள் நர்ஸ், பேனாவைத் தேடிக்கொண்டே.